உப்பு, பனி, ஒரு போர்ஷே

இந்தப் படத்தை நீங்கள் எங்கேயாவது பார்த்திருப்பீர்கள். காலண்டரில், கடிகார விளம்பரத்தில், பல் டாக்டர் கிளினிக்கில் கிடக்கும் வழவழ பத்திரிகையில். ஆரஞ்சு நிறத்தில் ஒரு பழைய போர்ஷே 911. கூரை மேல் கட்டிய இரண்டு மரப் பனிச்சறுக்குக் கட்டைகள். பின்னணியில் ஆல்ப்ஸ். கார் நேராகப் போகாமல் கோணலாக, பின்பக்கம் பனிப் புகை கிளப்பிக்கொண்டு வளைவில் வழுக்குகிறது. ஓட்டுகிறவர் முகத்தில் துளி பயம் இல்லை. கீழே ஒரு மூலையில் 'சுதந்திரம்' என்கிற மாதிரி ஏதோ ஒரு வார்த்தை.

அழகான படம்தான், சந்தேகமே இல்லை. சினிமா வந்த முதல் நாளே அதைக் கிழி கிழி என்று கிழிக்கிறோம். ஐம்பது வருஷமாக ஒரே வசனத்தைப் பேசிக்கொண்டிருக்கும் இந்தப் படத்தை மட்டும் ஏன் சும்மா விட வேண்டும்? இந்த வாரம் அதற்குத்தான் விமர்சனம்.

'மழைக்கே ஏங்குகிற ஊரில் உட்கார்ந்துகொண்டு உமக்கேன் ஐயா இந்தப் பனி விவகாரம்?' என்று கேட்பீர்கள். நியாயம்தான். ஆனால் டொரன்டோவிலும் நியூஜெர்ஸியிலும் மியூனிக்கிலும் நம் வீட்டுப் பிள்ளைகள் இருக்கிறார்கள். ரெண்டாவது வருஷ சம்பளத்தில் கொஞ்சம் மிச்சம் பிடித்ததும், 'மலிவா ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் கார் கிடைக்குதுப்பா' என்று போன் பண்ணுகிறார்கள். அப்பா கேட்கும் ஒரே கேள்வி, 'மைலேஜ் எவ்வளவு தரும்?' கேட்க வேண்டிய கேள்வி வேறு. அதற்குக் கடைசியில் வருகிறேன்.

பனிப் பிரதேசத்தில் இந்த விஷயத்தில் இரண்டு கட்சி. முதல் கட்சி சொல்வது: 'பின்சக்கரத்தில் ஓடுகிற கார் பனியில் எமன். நவம்பரில் போர்வை போர்த்தி மூடு, ஏப்ரலில் திற.' இரண்டாவது கட்சி சொல்வது: 'ஓட்டத் தெரிந்தவனுக்கு எதுவும் ஓடும். பழைய ராலி வீடியோவைப் பாரு!' இரண்டு கட்சியிலும் பாதி உண்மை இருக்கிறது. சிக்கல் என்னவென்றால், ஒவ்வொருவரும் தனக்குச் சௌகரியமான பாதியை மட்டும் கையில் வைத்திருக்கிறார்கள்.

முதலில் பின்சக்கரம் என்றால் என்ன? நம்மூர் அம்பாசடர், பத்மினி எல்லாம் அந்த ஜாதிதான். எஞ்சின் முன்னால் இருக்கும். அதன் பலம் ஒரு நீளமான தண்டு வழியாகப் பின்னால் போய்ப் பின்சக்கரங்களைச் சுழற்றும். கார் பின்னாலிருந்து தள்ளப்படுகிறது. மாருதி 800 வந்தபோது கதை மாறியது. அதில் முன்சக்கரங்கள் காரை இழுத்துக்கொண்டு போகும்.

தள்ளுவதற்கும் இழுப்பதற்கும் பனியில் என்ன வித்தியாசம்? நான் படித்தது பி.காம். பௌதிகத்தையும் வரவு செலவாக எழுதிப் பார்த்தால்தான் எனக்கு மண்டையில் ஏறும். அப்படியே உங்களுக்கும் சொல்கிறேன்.

ஒவ்வொரு டயருக்கும் ஒரு சம்பளம். காய்ந்த தார் ரோட்டில் 100 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். இறுகிய பனியில் அதே டயருக்கு 30 ரூபாய்தான். வழவழ ஐஸ் மேல் 12 ரூபாய். இந்தச் சம்பளத்துக்குள்தான் மூன்று செலவையும் சமாளிக்க வேண்டும்: வேகம் எடுப்பது, பிரேக் பிடிப்பது, திரும்புவது. மூன்றும் ஒரே பர்ஸிலிருந்து. பிரேக்குக்கே முழுச் சம்பளமும் போய்விட்டால் திரும்பக் காசு இருக்காது. ஸ்டியரிங்கை எவ்வளவு ஒடித்தாலும் கார் தன் பாட்டுக்கு நேராகப் போகும்.

முன்சக்கரக் காரில் முன்னால் இருக்கும் இரண்டு டயரும் குடும்பத் தலைவன் மாதிரி. இழுப்பதும் அவர்கள்தான், திரும்புவதும் அவர்கள்தான். பின் டயர்கள் சாப்பிட்டுத் தூங்கும் மைத்துனர்கள். பின்சக்கரக் காரில் வேலைப் பங்கீடு ஒழுங்காக இருக்கிறது. முன்னால் இருப்பவன் திருப்புகிறான், பின்னால் இருப்பவன் தள்ளுகிறான். காகிதத்தில் பார்த்தால் இதுதான் நியாயமான குடும்பம்.

ஆனால் கடன் ஏறும்போதுதான் குணம் தெரியும். முன் டயர் திவாலானால் கார் வளைவில் திரும்பாமல் நேராகப் போகப் பார்க்கும். பயந்துபோய் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுப்பீர்கள். எடை முன்பக்கம் சாயும், முன் டயருக்குப் பிடி கூடும், பெரும்பாலும் பிழைத்துக்கொள்வீர்கள். பயத்தில் செய்வதே சரியான வைத்தியமாக அமைந்துவிடுகிறது.

பின் டயர் திவாலானால் வால் வீசும். அப்போதும் பயந்து காலை எடுப்பீர்கள். எடை முன்னால் ஓடும், ஏற்கெனவே பஞ்சத்தில் இருக்கும் பின் டயருக்கு இருந்த பிடியும் போகும். கியர் வேறு பூட்டியிருப்பதால் எஞ்சின் அந்தச் சக்கரங்களைப் பிடித்து நிறுத்தப் பார்க்கும். ஐஸ் மேல் இது கிட்டத்தட்ட ஹேண்ட் பிரேக் இழுத்த மாதிரி. கார் பம்பரம். ஆக, பயத்தில் செய்வதே இங்கே தப்பான வைத்தியம். முதல் கட்சியின் 'எமன்' என்ற பேச்சில் உள்ள உண்மை இவ்வளவுதான். எமன் காருக்குள் ஒளிந்திருக்கவில்லை. நம் வலது காலின் பழக்கத்தில் இருக்கிறான்.

இனி, நம் கதாநாயகன் 911. இது பின்சக்கரக் குடும்பத்திலேயே வினோதப் பிள்ளை. எஞ்சின் முன்னாலும் இல்லை, நடுவிலும் இல்லை. பின் அச்சுக்கும் பின்னால் தொங்குகிறது. மொத்த எடையில் சுமார் 60 சதவிகிதம் பின்சக்கரங்களின் தலையில். பனி ஊர்களில் சாதாரணப் பின்சக்கரக் கார் வைத்திருப்பவர்கள், பின் டயருக்குப் பிடி வேண்டும் என்று டிக்கியில் மணல் மூட்டை போட்டுக்கொண்டு அலைவார்கள். 911-க்கு எஞ்சினே மணல் மூட்டை! அதனால் பனி மூடிய மேட்டில் நின்று கிளம்புவதில் இந்தக் கார் மகா கெட்டிக்காரன்.

இதன் தாத்தாவான ஃபோக்ஸ்வாகன் பீட்டிலும் அதே உடம்புதான். 1960-களில் அமெரிக்கத் தொலைக்காட்சியில் அதற்கு ஒரு விளம்பரம் வந்தது. கொட்டுகிற பனியில் ஒரு பீட்டில் அமைதியாகப் போகும். ஓட்டிக்கொண்டு போகிறவர், ரோட்டில் பனி வாரும் வண்டியின் டிரைவர். பனி வார வேண்டியவரே வேலைக்கு வருவதற்கு நம்புகிற கார் என்பது சேதி. விளம்பர உலகம் இன்றைக்கும் பாடமாக வைத்திருக்கும் படம் அது. காரணம், அதில் யாரும் கோணலாக வழுக்கவில்லை. கார் போகிறது, அவ்வளவுதான். அந்த ஆரஞ்சு போர்ஷே படத்தை எடுத்தவர்கள் இதை நாலு தடவை பார்த்திருக்கலாம்.

கிளம்புவதில் கெட்டிக்காரன் என்றேன். திரும்புவதில்? பின்னால் பாரம் என்றால் முன்னால் லேசு. பனியில் முன் டயர் சட்டென்று கடிக்காது. சரி என்று கொஞ்சம் வேகமாக நுழைந்து, நடு வளைவில் பயந்து காலை எடுத்தால், பின்னால் தொங்கும் அந்த எஞ்சின் கடிகாரத்தின் பெண்டுலம் மாதிரி வெளியே வீசும். ஒரு தடவை வீச ஆரம்பித்தால் நிறுத்துவது பெரும்பாடு. இது போர்ஷேவுக்கே தெரியும். ஆரம்ப கால 911-களில் முன்பக்க பம்பருக்குள் ஆளுக்கு 11 கிலோவாக இரண்டு இரும்புக் கட்டிகளை ஒளித்து வைத்தார்கள், மூக்கு மேலே கிளம்பாமலிருக்க. ஒரு ஸ்போர்ட்ஸ் கார் கம்பெனி தன் காருக்குத் தானே எடைக்கல் கட்டிய கதை! பிறகு 1969 மாடலில் பின்சக்கரங்களை 57 மில்லிமீட்டர் பின்னுக்குத் தள்ளி வைத்தார்கள். அதன் பின்தான் கொஞ்சம் சாந்தமானது.

இப்போது இரண்டாவது கட்சியின் ஆயுதத்துக்கு வருவோம். மான்டி கார்லோ ராலி. ஜனவரி மாதத்தில், பிரெஞ்சு ஆல்ப்ஸ் மலைகளில், கோல் த துரினி மாதிரி 1,600 மீட்டர் உயரக் கணவாய்களில் நடக்கும் பந்தயம். ஒரே நாளில் காய்ந்த ரோடு, ஈர ரோடு, பனி, ஐஸ் நாலும் வரும்.

1960-களின் முற்பகுதியில் இங்கே முன்சக்கரக் கார்களின் ராஜ்யம். 1962, 1963 இரண்டு வருஷமும் சாப் காரில் எரிக் கார்ல்சன். 1964, 1965, 1967-ல் குட்டியூண்டு மினி கூப்பர். 'பனி என்றால் முன்சக்கரம்தான்' என்று உலகமே முடிவு கட்டியது. அப்போதுதான் 911 வந்தது. 1968-ல் விக் எல்ஃபோர்ட், 1969-லும் 1970-லும் பியோர்ன் வால்டெகார்ட். தொடர்ந்து மூன்று வெற்றி! 1978-ல் ழான் பியர் நிக்கோலா ஒரு தனியார் குழுவின் 911-ஐ ஓட்டி, கம்பெனிக் குழுக்களை எல்லாம் ஓரம் கட்டினார்.

கணக்குப் போட்டுப் பார்த்தால் இன்னும் ஆச்சரியம். 1968 முதல் 1983 வரை 16 வருஷம். 1974-ல் எண்ணெய் நெருக்கடியால் ராலி நடக்கவில்லை. மிச்சம் 15. இதில் 1972-ல் மட்டும் லான்சியா ஃபுல்வியா என்ற முன்சக்கரக் கார். பாக்கி 14 தடவையும் ஜெயித்தது பின்சக்கரம்! வால்டர் ரோர்ல் என்ற ஜெர்மானியர் நாலு தடவை, நாலு வெவ்வேறு கம்பெனிக் காரில் ஜெயித்தார். 1980-ல் ஃபியட், 1982-ல் ஓப்பல், 1983-ல் லான்சியா, 1984-ல் ஆடி. முதல் மூன்றும் பின்சக்கரம்.

'பார்த்தீரா?' என்று இரண்டாவது கட்சி காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளும் இடம் இது. கொஞ்சம் பொறுங்கள். லாபத்தை மட்டும் காட்டிச் செலவை மறைக்கும் பாலன்ஸ் ஷீட்டை எந்த ஆடிட்டரும் கையெழுத்துப் போட மாட்டார்.

செலவுப் பக்கத்தைப் பாருங்கள். ராலியில் ரோடு மூடப்பட்டிருக்கும், எதிரே பால் வண்டி வராது. டயரில் இரும்பு ஆணி பதித்திருப்பார்கள். ஒவ்வொரு மலைக்கும் தனி டயர். எங்கே ஐஸ் இருக்கிறது என்று முன்கூட்டியே போய்க் குறிப்பெடுத்து வர ஆள். பக்கத்து ஸீட்டில் அதைப் படித்துச் சொல்ல இன்னொரு ஆள். அதே கோல் த துரினியில் அதே 911-ஐ ஓட்டிப் போகும் ஒரு சுற்றுலாப் பயணிக்கு இதில் எதுவும் கிடையாது. அவர் பக்கத்தில் இருப்பது மனைவி. அவர் படித்துச் சொல்வது ஓட்டல் பெயர்.

1983 கதை இன்னும் ருசி. நான்கு சக்கரமும் ஓடுகிற ஆடி குவாட்ரோவை, பின்சக்கர லான்சியா 037 தோற்கடித்தது. அந்த வருஷம் பனி குறைவு. இருந்த பனியையும் உப்புத் தூவிக் கரைக்க லான்சியா குழுத் தலைவர் செசாரே ஃபியோரியோ ஏற்பாடு செய்தார் என்று ராலி உலகில் இன்றைக்கும் சொல்கிறார்கள். யோசித்துப் பாருங்கள். பின்சக்கரத்தின் பனி வெற்றி என்று கொண்டாடப்படும் கதையில் முதல் வேலையே பனியை ஒழித்துக்கட்டியதுதான்! அந்த வருஷ உலகக் கம்பெனிப் பட்டமும் லான்சியாவுக்குத்தான். பின்சக்கரக் கார் ஒன்று அந்தப் பட்டத்தை வென்றது அதுவே கடைசி. 1984 முதல் மான்டி கார்லோவில் முதலிடம் நான்கு சக்கரக் கார்களுக்கே.

படத்துக்கு வருவோம். அந்த வழுக்கல் போஸுக்கு ஒரு சரித்திரம் உண்டு. ஆஸ்திரியாவில் ஸெல் ஆம் ஸே என்று ஒரு ஏரிக்கரை ஊர். 1952 முதல், காலமான ஃபெர்டினான்ட் போர்ஷேவின் நினைவாக, அங்கே ஐஸ் மேல் கார் பந்தயம் நடத்தினார்கள். காருக்குப் பின்னால் கயிறு கட்டி ஒருவர் சறுக்கிக்கொண்டே வருவார். எழுபதுகளில் நின்றுபோன அந்தத் திருவிழாவை 2019-ல் போர்ஷே குடும்பத்து இளைய தலைமுறை ஒருவர் கூட்டாளியோடு சேர்ந்து மறுபடி ஆரம்பித்தார். இன்றைக்கு இன்டர்நெட்டில் சுற்றும் பனிப்புகைப் படங்களில் பல இந்த மாதிரி இடங்களில் எடுத்தவை.

திருவிழாவைக் குறை சொல்லவில்லை. மூடிய மைதானம், ஆணி டயர், ஆம்புலன்ஸ் எல்லாம் தயார். ஆடட்டும். என் சண்டை படத்தோடுதான். மைதானத்தை வெட்டி எறிந்துவிட்டு, காரையும் புகையையும் மட்டும் காட்டி, 'வாழ்க்கை இப்படித்தான் இருக்க வேண்டும்' என்று சொல்கிறதே, அங்கேதான் அது பொய்யாகிறது. முக்கியமாக, அது டயரைக் காட்டவில்லை. காட்டினாலும் ஆணி தெரியாது. ஜெர்மனியில் பொது ரோட்டில் ஆணி டயர் ஓட்டவே அனுமதி இல்லை என்பது படம் பார்க்கிற பையனுக்குத் தெரியாது.

டயர்தான் மேட்டர். இரண்டு கட்சியும் எந்தச் சக்கரம் ஓட்டுகிறது என்று தொண்டை கிழியச் சண்டை போடுகிறார்களே, நிற்பதற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. பிரேக் எல்லாக் காரிலும் நாலு சக்கரத்திலும்தான் பிடிக்கிறது. 50 கிலோமீட்டர் வேகத்தில் போகும் காரை நிறுத்தக் காய்ந்த ரோட்டில் கணக்குப்படி 12 மீட்டர் போதும். இறுகிய பனியில் கிட்டத்தட்ட 40. ஐஸ் மேல் ஏறக்குறைய 100 மீட்டர்! இதில் முன்சக்கரம், பின்சக்கரம், நாலு சக்கரம் என்ற பேதம் கிடையாது. நாலு சக்கரமும் ஓடுகிற ஜீப் கிளம்புவதில் சூரன். நிற்பதில் எல்லோரும் ஒரே பெஞ்ச். குளிர்கால ரோட்டோரப் பள்ளத்தில் பளபள ஜீப் கிடப்பதற்கு இதுதான் காரணம். சுலபமாகக் கிளம்பிய கார், 'ரோடு நல்லாத்தான் இருக்கு' என்று பொய் சொல்லிவிடுகிறது. தட்டுத்தடுமாறிக் கிளம்பும் பழைய பின்சக்கரக் கார் முதல் பத்தடியிலேயே உண்மையைச் சொல்லிவிடும். அதன் ஒரு நல்ல குணம் இது. பதிவு செய்துவிடுகிறேன்.

கோடை டயரின் ரப்பர் சுமார் 7 டிகிரிக்குக் கீழே போனால் விறைக்கத் தொடங்கும். குளிர்கால டயரின் ரப்பர் மிருது. மேலே மெல்லிய கீறல்கள் ஆயிரம். அந்தக் கீறல்கள் பனியைக் கவ்விக்கொள்ளும். பனி பனியோடு நன்றாக ஒட்டும் என்பதால் அதுவே பிடி. அகலம் குறைந்த டயர் இன்னும் நல்லது. எடை சின்ன இடத்தில் இறங்கிப் பனியை வெட்டிக்கொண்டு போகும். ஆரம்ப கால 911-ன் டயர் அகலம் 165 மில்லிமீட்டர்தான். இன்றைக்கு அதே காருக்கு அழகுக்காக அகல டயர் மாட்டி, பனியில் படகு மாதிரி மிதக்க விடுகிறார்கள்.

அரசாங்கங்களுக்கு இது புரிந்திருக்கிறது. கியூபெக்கில் 2008 முதல் குளிர்கால டயர் சட்டப்படி கட்டாயம். இப்போது டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை. ஜெர்மனியில் பனியும் ஐஸும் இருந்தால் அதற்கேற்ற டயர் வேண்டும் என்று 2010-ல் விதியை இறுக்கினார்கள். 2024 அக்டோபரிலிருந்து மலையும் பனித்துளியும் பொறித்த முத்திரை இருந்தால்தான் செல்லும். ஆஸ்திரியாவில் குளிர்கால டயரில் 4 மில்லிமீட்டராவது பள்ளம் வேண்டும்.

பழைய ஸ்போர்ட்ஸ் காரில் இதற்கு ஒரு விசேஷக் கண்ணி இருக்கிறது. அவை வருஷத்துக்குக் கொஞ்ச தூரம்தான் ஓடும். அதனால் டயர் தேயாது, பள்ளம் புத்தம் புதுசு மாதிரி இருக்கும். ஆனால் ரப்பர் பத்து வருஷம் கிழடாகி மரக்கட்டை ஆகியிருக்கும். பார்த்தால் குமரன், தொட்டால் கிழவன்.

சரி, நல்ல டயர் மாட்டியாகிவிட்டது. இனி பனி எதிரி இல்லையா? பனி இல்லை. உப்பு! ரோட்டில் பனி உறையாமலிருக்க டன் டன்னாக உப்புத் தூவுகிறார்கள். அது நீரில் கரைந்து, காரின் அடிவயிற்றில், தகடும் தகடும் சேரும் இடுக்கில், கதவின் உள் மடிப்பில் போய் உட்காருகிறது. துரு மௌனமாக வேலையை ஆரம்பிக்கும். போர்ஷே 1976 மாடலிலிருந்து முழு உடம்புக்கும் துத்தநாகப் பூச்சுக் கொடுத்தது. அதற்கு முந்தைய கார்களுக்கு அந்தக் கவசம் கிடையாது. காற்றால் குளிரும் பழைய 911-ல் ரேடியேட்டர் இல்லை, உறைந்துபோகத் தண்ணீரும் இல்லை, நிம்மதி. ஆனால் உள்ளே சூடு வேண்டுமென்றால் புகைக்குழாயைச் சுற்றி ஒரு தகடுக் கூடு அமைத்து, அந்த வெக்கையை உள்ளே அனுப்புகிறார்கள். அந்தக் கூட்டை உப்பு அரித்து, உள்ளே இருக்கும் குழாயும் ஓட்டை விழுந்தால், சூட்டோடு புகையும் உள்ளே வரும். வெளியே பனி அழகாகப் பெய்துகொண்டிருக்கும்!

இன்னொரு வேடிக்கை. உப்புக் கறையோடு வந்த காரைப் பாசத்தோடு கதகதப்பான கராஜில் நிறுத்துகிறார்களே, அது காருக்குச் செய்யும் துரோகம். கடுங்குளிரில் துரு மெதுவாகத்தான் பிடிக்கும். வெதுவெதுப்பும் ஈரமும் உப்பும் சேர்ந்தால் விருந்து. அடிப்பக்கத்தைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவிவிட்டுத்தான் உள்ளே விட வேண்டும்.

'அப்புறம் என்ன, மூடி வைக்கச் சொன்ன முதல் கட்சி ஜெயித்துவிட்டதா?' அவர்களையும் கொஞ்சம் கவனிப்போம். ஜெர்மனியில் 1997 முதல் 'பருவ நம்பர் பிளேட்' என்று ஒன்று உண்டு. ஏப்ரல் முதல் அக்டோபர் வரை என்று பிளேட்டிலேயே மாதம் பொறித்துவிடுவார்கள். அந்த மாதங்களுக்கு மட்டும் வரி, இன்ஷூரன்ஸ். மற்ற மாதங்களில் ஓட்டக் கூடாது, தெருவில் நிறுத்தவும் கூடாது. கச்சிதமான ஏற்பாடு. காருக்கு நல்லது, பர்ஸுக்கும் நல்லது. இதில் தப்பே இல்லை.

ஆனால் இப்போது மூடி வைக்கிறவர்களில் ஒரு பெருங்கூட்டம் பனிக்குப் பயந்து மூடவில்லை. பழைய 911 விலை ஏறிக்கொண்டே போனதில் கார் ஃபிக்ஸட் டெபாசிட் ஆகிவிட்டது. ஜனவரியில் மட்டுமா, ஜூனிலும் வெளியே எடுப்பதில்லை. ஒவ்வொரு கிலோமீட்டரும் அசலில் கை வைக்கிற மாதிரி. வியாபாரம் படித்தவன் என்ற முறையில் அவர்களுக்கு ஒரு வார்த்தை. நின்றே இருக்கும் காரும் தேய்கிறது. பாட்டரி சாகும், ரப்பர் வளையங்கள் காய்ந்து எண்ணெய் கசியும், பெட்ரோல் கெடும், டயர் ஒரே இடத்தில் அமுங்கித் தட்டையாகும். உட்கார்ந்து சாப்பிட்டால் மலையும் கரையும் என்று பாட்டி சொன்னது காருக்கும் பொருந்தும்.

இவ்வளவு நேரம் பேசியது காரின் சொந்தக்காரர் நஷ்டம். படத்தில் கண்ணுக்கே தெரியாத ஒருவர் இருக்கிறார். அந்த வளைவில் எதிரே வருகிறவர்.

இதுதான் என் முக்கியமான புகார். இன்றைய கார்களில் வால் வீச ஆரம்பிக்கும்போதே கம்ப்யூட்டர் கண்டுபிடித்து, ஒவ்வொரு சக்கரத்துக்கும் தனித்தனியாக பிரேக் கொடுத்துக் காரை நேராக்கிவிடும். 1995-ல் மெர்ஸிடிஸ் காரில் அறிமுகமான இந்தச் சமாசாரம், 2014-க்குப் பிறகு ஐரோப்பாவில் விற்கும் எல்லாப் புதுக் காருக்கும் கட்டாயம். காற்றால் குளிரும் பின்சக்கர 911 ஒன்றிலும் இது கிடையாது. 1989-ல் வந்த தலைமுறைக்கு முந்தைய 911-களில் பிரேக் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏ.பி.எஸ்.கூட இல்லை. அந்தக் கம்ப்யூட்டரின் வேலை முழுக்க உங்கள் காலும் கையும்தான் செய்ய வேண்டும். செய்யத் தெரியாவிட்டால் விலை கொடுப்பவர் நீங்கள் மட்டும் இல்லை. டூட்டி முடிந்து வீடு திரும்பும் ஒரு நர்ஸ், பள்ளி பஸ், அந்தப் பனி வாரும் டிரைவர்... உங்கள் ரசனைக்கு அவர்கள் ஏன் ஜாமீன் கையெழுத்துப் போட வேண்டும்?

'அப்போ ஓட்டவே வேண்டாம்கிறீரா?' என்றால், இல்லை. ஓட்டலாம். நிபந்தனையோடு. நாலு டயரும் ஒரே மாதிரி நல்ல குளிர்கால டயர். பின்னால் மட்டும் மாட்டி மிச்சம் பிடிக்கிற வேலை கூடாது. 911 என்றால் பெட்ரோல் டாங்க் முன்பக்கம் இருக்கிறது, முழுசாக நிரப்பிக்கொண்டால் லேசான மூக்குக்குக் கொஞ்சம் பாரம். இரண்டாம் கியரில் மெதுவாகக் கிளம்புங்கள். பிரேக்கை நேர் ரோட்டிலேயே முடித்துக்கொண்டு, வளைவுக்குள் லேசான, மாறாத ஆக்ஸிலரேட்டரோடு போங்கள். சட்டென்று காலை எடுக்காதீர்கள், சட்டென்று கியர் இறக்காதீர்கள். வால் வீசினால், அது எந்தப் பக்கம் வீசுகிறதோ அந்தப் பக்கமே ஸ்டியரிங்கைத் திருப்பி, கண்ணைப் போக வேண்டிய திசையில் வைத்து, கிளட்சை மிதியுங்கள்.

இதைப் படித்தால் வராது. சமையல் குறிப்பைப் படித்தால் பசி தீருமா? குளிர் நாடுகளில் வழுக்கல் பயிற்சிக்கென்றே மைதானங்களும் வாத்தியார்களும் உண்டு. ஒரு நாள் கட்டணம் வாருங்கள். கால் தன் கெட்ட பழக்கத்தை அங்கே மறக்கட்டும். பழைய கார் இதற்கு நல்ல வாத்தியார் என்பதையும் சொல்ல வேண்டும். மெதுவான வேகத்திலேயே வழுக்கும், வழுக்கப் போவதை முன்கூட்டி ஸ்டியரிங்கிலும் ஸீட்டிலும் சொல்லும். புதிய கார் எல்லாத் தப்பையும் மறைத்துக்கொண்டே வந்து, மறைக்க முடியாத இடத்தில் கைவிடும். வழுக்கலைத் தெரிந்துகொண்ட கால் எந்தக் காரிலும் உதவும்.

ஆக, விமர்சனத்தின் முடிவு. ஒளிப்பதிவு பிரமாதம். கதாநாயகன் நல்லவன், ஆனால் கோபக்காரன். வில்லனாகக் காட்டியிருக்கும் பனி நிஜத்தில் துணைப் பாத்திரம். அசல் வில்லன்களான உப்பும், கிழட்டு ரப்பரும், பயந்த வலது காலும் ஒரு காட்சியில்கூட வரவில்லை. மார்க் போடச் சொன்னால் நூற்றுக்கு 40.

இனி, அப்பா கேட்க வேண்டிய அந்தக் கேள்வி. எல்லா டயரின் பக்கவாட்டிலும் தயாரித்த தேதி நாலு இலக்கமாக அச்சடித்திருக்கும். முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருஷம். '4723' என்றால் 2023-ன் 47-வது வாரம். பையன் அடுத்த தடவை போன் பண்ணி, 'ஆரஞ்சு கலர்ப்பா, சூப்பரா இருக்கு, நாளைக்கே எடுத்துடலாம்னு பார்க்கிறேன்' என்றால், மைலேஜைப் பற்றி வாயே திறக்காதீர்கள்.

'குனிஞ்சு அந்த நாலு நம்பரைப் படிச்சுச் சொல்லுடா' என்று கேளுங்கள்.